குறையை நிறைக்கும் கணக்கு

பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர் பெற்ற ஊர் பண்ருட்டி. பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளை எண்ணிவிட முடியுமா? முடியும் என்கிறது காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்'. காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுக்க வேண்டும் என்பது அந்நூல் தரும் விதி. முட்கள் 100 எனில் சுளைகள் 120. எல்லாப் பழமும் இவ்விதிக்கு அடங்குமா என்பது வேறு விஷயம். சுளைத்தொகை தெரிந்து முட்களின் தொகை தெரியாவிட்டால் என்ன செய்வது? விதியைத் திருப்ப வேண்டும். 120ஐ 5ஆல் பெருக்கி 6ஆல் வகுத்தால் 100 வரும். தெரியாததைத் தனியே நிறுத்தி, தெரிந்தவற்றை மறுபுறம் சேர்க்கும் இக்கலையே இயற்கணிதத்தின் உயிர்நாடி.

"இப்பக்கத்துக் கழித்தல் அப்பக்கம் போனால் கூட்டலாகும்" என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். ஏன் அப்படி ஆகிறது? காரணத்தை முறைப்படுத்திச் சொன்னவர் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-குவாரிஸ்மீ. தெரியாத எண்களைக் கையாளும் விதிகளை நம் நாட்டுப் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே வகுத்திருந்தார். கலீஃபா மஃமூன் ஆட்சியில் (813-833) அல்-குவாரிஸ்மீ எழுதிய நூலோ இக்கலைக்குப் பெயரையே தந்தது. 'அல்ஜப்ர்' என்றால் குறையை நிறைத்தல். 'முகாபலா' என்றால் எதிரெதிரே வைத்துச் சமன் செய்தல். ஸ்பெயின் நாட்டில் முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுபவருக்கும் இச்சொல்லின் வழியே பெயர் ஏற்பட்டது.

பத்தில் ஒரு பொருளைக் கழித்தால் ஏழு என்போம். இருபுறமும் அப்பொருளைக் கூட்டினால் இடப்புறக் குறை நிறைந்து, பத்து என்பது ஏழும் அப்பொருளும் சேர்ந்தது என்றாகும். இது ஜப்ர். இருபுறமும் ஏழை நீக்கினால் பொருள் மூன்று. இது முகாபலா. எந்த எண்ணும் பக்கம் தாவவில்லை. ஒருபுறம் செய்ததை மறுபுறமும் செய்தோம், அவ்வளவே. இந்நூலை 1145இல் செஸ்டர் நகர ராபர்ட் இலத்தீனில் பெயர்த்தார்; 'அல்ஜிப்ரா' ஐரோப்பாவுக்குச் சென்றது.

அந்நூலின் பெரும்பகுதி மரண சாசனம், வாரிசுரிமை பற்றிய கணக்குகளே என்பதை நம்மில் பலர் அறியோம். ஓர் எடுத்துக்காட்டு: பண்ருட்டியில் 24 ஏக்கர் முந்திரித் தோப்பு உடையவர் காலமாகிறார். கடனும் சாசனமும் இல்லை, பெற்றோரும் இல்லை. மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே வாரிசுகள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 ஏக்கர். மகளின் பங்கு ஒரு 'பொருள்' எனில் மகனுக்கு அதில் இருமடங்கு. ஆக, மூன்று பொருளும் 3 ஏக்கரும் சேர்ந்தது 24. இருபுறமும் 3ஐ நீக்கினால் மூன்று பொருள் 21. மகளுக்கு 7, மகனுக்கு 14.

சீதனம் கொடுத்தாயிற்று என்று சொல்லி அந்த 7 ஏக்கரை அழித்துவிடும் இல்லங்களும் உண்டு. ஒருபுறம் மட்டும் எடுத்தால் சமன்பாடு குலையும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். குறையை நிறைப்பதே ஜப்ர். தோப்பை அளக்கும் பெரியவர்களும் அக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.