பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கைகள்: சானடோரியம் பிறந்த கதை

சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டையைத் தாண்டியதும் வரும் நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் ஏற்றுமதித் தொழில் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும், சித்த மருத்துவமனைக்கு வருகிறவர்களும் காலையில் இங்கே கும்பலாக இறங்குவார்கள். வாடகைக்கு வீடு தேடுகிறவர் “சானடோரியம் பக்கம் கிடைத்தால் பரவாயில்லை” என்கிறார். ஒரு காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே ஊரார் ஒதுங்கிப் போனார்கள் என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. நோய்க்கென்று ஒதுக்கிய இடம் ஊராகிவிட்டது. அதை உண்டாக்கியவரின் பெயர் மட்டும் ஊருக்குத் தெரியாது.

அவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரி முத்து. இந்தியக் கிறிஸ்தவர். இங்கிலாந்தில் மருத்துவராகி, அங்கேயே ஆங்கிலேய நோயாளிகளுக்குக் காசநோய் வைத்தியம் பார்த்தவர். அந்தக் காலத்துக்கு இது வழக்கத்துக்கு மாறான பயணம். கிறிஸ்தவ மருத்துவப் பணி என்றால் மேற்கிலிருந்து கிழக்குக்குக் கப்பல் வருவதுதான் வழக்கம். 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கிளம்பிய ஜான் ஸ்கட்டர், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்துவிட்டு 1836இல் சென்னைக்கு வந்தார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கட்டர்தான் வேலூர் மருத்துவமனையை உண்டாக்கினார். யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இவர்கள் எல்லோரும் அங்கிருந்து இங்கே வந்தவர்கள். சவுரி முத்து இங்கிருந்து அங்கே போய், அங்கே கற்ற ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவர்.

அவர் கொண்டுவந்தது மருந்தல்ல. கொண்டுவருவதற்கு மருந்து எதுவும் அப்போது இல்லை.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்துவிட்டார். எதிரி யார் என்று தெரிந்ததே ஒழிய, அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அதைக் கொல்லும் மருந்து அகப்படவில்லை. அந்த இடைவெளியில் மருத்துவம் நம்பியது சானடோரியத்தை. அன்றைய பிரஷ்யாவின் சைலீசிய மலைப்பகுதியில் ஹெர்மன் பிரேமர் 1850களில் தொடங்கிய முறை அது. நோயாளியை நகரத்துப் புகையிலிருந்தும் நெரிசலிலிருந்தும் பிரித்து மலைக்காற்றில் வைப்பது. நல்ல சாப்பாடு கொடுப்பது. அளவோடு ஓய்வு, அளவோடு நடை. உடம்பு தேறினால் அதுவே நோயோடு போராடும் என்பது கணக்கு. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியிலிருந்த நோர்ட்ராக் சானடோரியத்தில் இந்த முறை புகழ்பெற, அங்கிருந்து இங்கிலாந்துக்கும் பரவியது. சாமர்செட் மாவட்டத்தின் மெண்டிப் குன்றுகளில் இப்படிப்பட்ட நிலையங்கள் எழுந்தன. ஹில் குரோவ் என்ற இடத்தில் இருந்த மெண்டிப் ஹில்ஸ் சானடோரியத்தை நடத்தியவர் சவுரி முத்து.

அங்கே வந்த நோயாளிகளில் ஒருவரைத் தமிழர் அனைவருக்கும் தெரியும். 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து நெவாசா கப்பலில் கணித மேதை ராமானுஜன் புறப்பட்டபோது, அதே கப்பலில் பயணம் செய்தவர்களில் காசநோய் நிபுணர் டாக்டர் முத்துவும் ஒருவர். மூன்று ஆண்டுகள் கழித்துக் கேம்பிரிட்ஜில் ராமானுஜனுக்கு உடம்பு முடியாமல் போனது. காசநோய் என்று சந்தேகப்பட்டார்கள். அவரை அனுப்பிய இடங்களில் ஒன்று மெண்டிப். கப்பலில் சந்தித்த இரண்டு பேர் இப்படி மருத்துவரும் நோயாளியுமாக மறுபடி சந்தித்தார்கள். ராமானுஜன் அங்கே நெடுநாள் தங்கவில்லை. அடுத்து டெர்பிஷயரின் மேட்லாக்கில்தான் மாதக்கணக்கில் இருந்தார். குளிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்தே வைக்கும் சானடோரியத்து ஒழுங்கு, கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவருக்கு எத்தனை கொடுமையாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மரக்கறி மட்டுமே உண்பவர், போர்க்காலத்து இங்கிலாந்து, சாப்பாடும் சேரவில்லை. 1919இல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். அவருக்கு வந்தது காசநோயே அல்ல, அமீபாவால் வந்த கல்லீரல் நோயாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வு ஒன்று வாதிடுகிறது.

சவுரி முத்து வெறும் நிர்வாகி அல்ல. தனக்கென்று கொள்கை வைத்திருந்தவர். 1922இல் நுரையீரல் காசநோய் பற்றி அவர் வெளியிட்ட நூல், திறந்தவெளிச் சானடோரியங்களில் 22 ஆண்டுகள் கண்டதன் பதிவு. கிருமியைவிட அது விழும் நிலத்தைப் பார்க்கச் சொன்னவர் அவர். வறுமை, காற்று புகாத வீடு, சத்தில்லாத சாப்பாடு, நகரத்து நெருக்கடி ஆகியவற்றைத்தான் நோயின் வேராகக் கருதினார். இன்னொரு பக்கம், பழைய இந்திய மருத்துவத்தின் மேலும் அவருக்குப் பிடிப்பு இருந்தது. 1913இலேயே லண்டன் ராயல் மருத்துவச் சங்கத்தின் இதழில் பண்டைய இந்து மருத்துவ வரலாறு குறித்து எழுதினார். பிறகு அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். பெயரில் டேவிட்டும் ஜேக்கப்பும் ஆரோனும் இருக்க, பண்டைய மருத்துவர்களான சரகரையும் சுஸ்ருதரையும் ஆங்கில மருத்துவர்களுக்கு அறிமுகப்படுத்தியவர்.

அவர் திரும்பி வந்தபோது இந்தியாவுக்குச் சானடோரியம் புதிதல்ல. 1906இல் அஜ்மீருக்கு அருகே திலோனியாவிலும், 1908இல் அல்மோராவிலும் மிஷனரிகள் தொடங்கியிருந்தார்கள். தெற்கே பல மிஷன்கள் கைகோத்து மதனப்பள்ளியில் யூனியன் மிஷன் சானடோரியத்தை அமைத்தன. டென்மார்க்கிலிருந்து வந்த மிஷன் மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர் அதன் முதல் கண்காணிப்பாளர்; ஆரோக்கியவரம் என்ற பெயரில் அந்த இடம் இன்றும் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து அதே ரயில் பாதையில் இன்னும் தெற்கே போனால், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் ஸ்காட்லாந்து திருச்சபை மிஷன் 1920களின் நடுவில் தொழுநோயாளிகளுக்காக லேடி வில்லிங்டன் குடியிருப்பைத் தொடங்கியது. 1930களில் அங்கே பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், தொழுநோய் மருத்துவத்தில் உலகறிந்த பெயரானார். ஊர் வாசலில் சேர்க்காத இந்த இரண்டு நோய்களும் சென்னைக்குத் தெற்கே போன இந்த மீட்டர் கேஜ் பாதையை ஒட்டித்தான் இடம் தேடிக்கொண்டன.

தாம்பரம் சானடோரியம் 1928ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று பிறந்தது. மிஷன் மருத்துவமனையாக அல்ல, சவுரி முத்துவின் தனியார் நிலையமாக. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே பச்சைமலையை ஒட்டிச் சுமார் 250 ஏக்கர் நிலம். அதில் 12 படுக்கைகள். இந்தக் கணக்கே அவர் கொள்கையைச் சொல்லிவிடுகிறது. இன்றைக்கு ஒரு மருத்துவமனையைப் படுக்கை எண்ணிக்கையால் அளக்கிறோம். அவருக்கு நிலம்தான் மருந்து. படுக்கை அதில் ஒரு மூலை.

அன்றைய தாம்பரத்தை மனதில் கொண்டுவந்தால்தான் இந்தத் தேர்வு விளங்கும். மின்சார ரயில் இன்னும் வரவில்லை. அது ஓடத் தொடங்கியது 1931இல். சேலையூர்க் காட்டுக்குச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி இடம்பெயர்ந்தது 1937இல். இடைப்பட்ட ஊர்களில் ஏரியும் வயலும் பனையும்தான். நகரத்திலிருந்து ரயிலில் எட்டிவிடும் தூரம், நகரத்தின் மூச்சு படாத வெளி, பின்னால் ஒரு மலை: மெண்டிப்பில் பழகிய கண் தேடியது இதைத்தான்.

சானடோரியத்து வாழ்க்கை மணியடித்து நடப்பது. காலையும் மாலையும் வாயில் தெர்மாமீட்டர். வாரம் தவறாமல் எடை. பால், முட்டை, கஞ்சி. பகலில் ஓய்வு நேரத்தில் பேச்சுக்கூடத் தடை. காய்ச்சல் இறங்கியவர்கள் சில அடி நடக்கலாம். எடை ஏறினால் இன்னும் கொஞ்ச தூரம். சளியைத் துப்ப மூடி போட்ட குவளை. சில நோயாளிகளுக்கு, விலாவுக்கும் நுரையீரலுக்கும் நடுவே ஊசியால் காற்றை ஏற்றி, கெட்டுப்போன நுரையீரலைச் சுருங்க வைத்து அதற்கும் ஓய்வு கொடுப்பார்கள். மாதங்கள், சிலருக்கு வருடங்கள் இப்படியே ஓடும். தேறியவர்கள் வீட்டுக்குப் போனார்கள். தேறாதவர்களுக்கும் கடைசி வரை ஒரு படுக்கையும், முகம் சுளிக்காமல் பக்கத்தில் வரும் ஒரு நர்ஸும் கிடைத்தார்கள். வீட்டுக் கொல்லையில் தனிச் சட்டியும் தனிப் பாயுமாக ஒதுக்கப்பட்ட நோயாளிக்கு இது சிறிய விஷயம் அல்ல.

1937இல் அரசாங்கம் சானடோரியத்தை எடுத்துக்கொண்டது. ஒரு மனிதரின் கனவு பொதுச் சொத்தாகிய அந்த ஆண்டில்தான் கிறிஸ்தவக் கல்லூரியும் தாம்பரத்துக்கு வந்தது. மறு வருடம், 1938 டிசம்பரில், அந்தக் கல்லூரி வளாகத்தில் ஏறத்தாழ 70 நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய சர்வதேச மிஷனரி மாநாடு நடந்தது. திருச்சபை வரலாறு படிக்கிறவர்களுக்கு உலகெங்கும் தாம்பரம் என்றால் அந்த மாநாடுதான். திருச்சபையின் மருத்துவப் பணியும் அங்கே விவாதப் பொருள்களில் ஒன்று. அவர்கள் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, எந்த மிஷனுக்கும் சொந்தமில்லாமல், ஒரு கிறிஸ்தவ மருத்துவர் தொடங்கிய வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

பிறகு மருந்து வந்தது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியாசிட் பயன்பாட்டுக்கு வந்தது. 1948இல் கிண்டியில் பிசிஜி தடுப்பூசிக் கூடம் அமைந்தது. சானடோரியக் கொள்கையின் தலையெழுத்தை மாற்றிய ஆய்வும் சென்னையிலேயே நடந்தது என்பதுதான் இந்தக் கதையின் திருப்பம். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு சாரார் சானடோரியத்தில். மறு சாரார் தங்கள் நெரிசலான வீட்டிலேயே. இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் காற்றும். வீட்டில் இருந்தவர்களுக்கு இவை எதுவும் சரியாக இல்லை. 1959இல் வெளியான முடிவு: இரண்டு பக்கமும் குணமானவர்களின் அளவு ஏறத்தாழ சமம். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. குணப்படுத்துவது காற்றல்ல, மாத்திரைதான் என்பது நிரூபணமாயிற்று. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவது வேகமெடுத்தது. ராமானுஜன் இறந்த அதே சேத்துப்பட்டிலிருந்துதான், அவரைக் குளிரில் கிடத்திய முறைக்கு முடிவுரை எழுதப்பட்டது.

சவுரி முத்துவின் கொள்கை இப்படித் தோற்றது. ஆனால் அவர் தொடங்கிய இடம் மூடப்படவில்லை. அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்ற பெயரில் அது வளர்ந்தது. பின்னொரு நாள் மருந்தில்லாத இன்னொரு நோய் அதன் கதவைத் தட்டியது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அடுத்த பத்தாண்டில், பல மருத்துவமனைகள் தொடத் தயங்கிய நோயாளிகள் தாம்பரத்துக்கு வரத் தொடங்கினார்கள். எச்.ஐ.வி. பாதித்தவர்களைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதால் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு வருவது இயல்புதான். ஆனால் அங்கே அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை என்பதுதான் ஆந்திரத்திலிருந்துகூட நோயாளிகளை இழுத்து வந்தது. நாட்டின் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாகத் தாம்பரம் ஆனது. மருந்துகள் வந்த பின்னும் விலை எட்டாத காலம் அது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையை எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியபோது, அவற்றில் தாம்பரமும் இருந்தது.

இரண்டு நோய்களிலும் நடந்தது ஒன்றே. மருந்துக்கு முன்னால் இடம் வந்தது. மருந்து வந்தபோது அதைக் கொடுக்க ஆளும் அறையும் பழக்கமும் தயாராக இருந்தன. 2005இல் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் திறக்கப்பட்டது. பழைய இந்திய மருத்துவத்துக்காக லண்டனில் பேசியவருக்கு இது பிடித்திருக்கும்.

இன்றும் கிறிஸ்தவ மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு, சில நாள் முகாம்களுக்காக வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யக் கிளம்புகிறார்கள். இங்கே வருகிறவர்களும் உண்டு, இங்கிருந்து போகிறவர்களும் உண்டு. பத்து நாள் முகாமில் பல் பிடுங்கலாம், கண்ணாடி கொடுக்கலாம், இரத்த அழுத்தம் பார்க்கலாம். இவை வேண்டாத வேலைகள் அல்ல. ஆனால் காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், எச்.ஐ.வி.க்கு ஆயுள் முழுதும். பதினோராவது நாள் நோயாளி எங்கே போவார் என்பதைத் தீர்த்துவிட்டுக் கிளம்புகிற முகாமே முழுமையான முகாம். ஸ்கட்டர் பரம்பரையும் ஃப்ரிமோட் மோலரும் மருத்துவத்தில் எத்தனையோ தவறான கொள்கைகள் நிலவிய காலத்தவர்கள். சவுரி முத்துவும் அப்படித்தான். அவர்கள் நம்பிய வைத்தியத்தில் பெரும்பகுதி இன்று பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் நோயாளி திரும்பி வரக்கூடிய ஒரு முகவரியை விட்டுச் சென்றார்கள். பின்னால் வந்த சரியான மருந்துகள் அந்த முகவரிக்குத்தான் வந்து சேர்ந்தன.