கடதாசி மேசையும் வேட்டைக் கூடாரமும்

1950ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள ஒக்ஸ்போர்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த வில்லியம் ஃபோக்னருக்கு நொபெல் இலக்கியப் பரிசுச் செய்தி கிடைத்தது. அவரோ ஆண்டுதோறும் போகும் மான் வேட்டைக்குத் தோழர்களோடு புறப்பட்டுவிட்டார். சுவீடன் தூதுவர் பரிசுப் பணத்தோடு இப்போது இங்கே வந்து நின்றால் என்ன செய்வாய் என்று, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் ஒரு தோழர் கேட்டாராம். பணத்தை அந்த மேசையில் வைத்துவிட்டு, ஒரு துணியை எடுத்துப் பாத்திரம் துடைக்கச் சொல்வேன் என்றாராம் ஃபோக்னர். கூட வேட்டையாடிய ஒருவர் பின்னாளில் எழுதிவைத்த கதை இது.

வேட்டை முகாமின் தோழமை இத்தகையது. பகலில் நாய்களும் துப்பாக்கிகளும். இரவில் விஸ்கியும் பழங்கதைகளும் கடதாசி விளையாட்டும். நியூ ஓர்லியன்ஸ் துறைமுகத்திலிருந்து மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களில் பயணம் செய்து பரவிய போக்கர் ஆட்டம் அம்மண்ணின் ஆண்களுக்கு உயிர். ஊரில் நீதிபதியோ வணிகனோ ஏழையோ, மேசையைச் சுற்றி அமர்ந்துவிட்டால் கையிலுள்ள ஐந்து கடதாசிகள்தான் கணக்கு.

ஆனால் அந்த மேசைக்குக் கீழே ஓர் இருண்ட வரலாறு கிடந்தது. 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மிசிசிப்பி மக்களில் நூற்றுக்கு 55 பேர் அடிமைகள். அடிமை என்பவன் சொத்து; சொத்தைப் பந்தயம் வைக்கலாம். 1942இல் வெளிவந்த 'கோ டவுன், மோசஸ்' என்ற நூலில் ஃபோக்னர் இதைத்தான் தொட்டார்.

அந்நூலின் முதற் கதை 1859இல் நடக்கிறது. மக்காஸ்லின் சகோதரர்களின் அடிமையான டேர்ல், பக்கத்துத் தோட்டத்து அடிமைப்பெண் டெனியைக் காண அடிக்கடி ஓடிப்போகிறான். பிணக்கைத் தீர்க்க இரு வீட்டாரும் போக்கர் ஆடுகிறார்கள். வாசிப்பவருக்குச் சிரிப்பு வரும்படியே கதை நகர்கிறது. ஆயினும் பந்தயப் பொருள் மனிதர்கள். கடைசி ஆட்டத்தில் கடதாசிகளைப் பகிர்ந்து கொடுத்தவன் டேர்ல் என்பதை விளக்கொளியில் கண்டதும் எதிராளி ஆட்டத்தைக் கைவிடுகிறான். டெனி மக்காஸ்லின் வீட்டுக்கு வருகிறாள். டேர்ல் அச்சகோதரர்களின் தந்தைக்கே பிறந்தவன் என்பது பின்னரே வாசகருக்குத் தெரியவருகிறது.

அந்நூலில் பின்னர் வரும் 'கரடி' என்ற புகழ்பெற்ற கதையில் வேட்டை முகாம் விரிகிறது. சிறுவன் ஐக் அங்கே பொறுமையையும் பணிவையும் கற்கிறான். அவனுக்கு ஆசானாக இருப்பவர் செவ்விந்தியத் தலைவனுக்கும் அடிமைப்பெண்ணுக்கும் பிறந்த சாம் ஃபாதர்ஸ். அதே முகாமில் பெரியவர்களுக்கு விஸ்கி ஊற்றிக் கொடுப்பவன் டெனியின் மகன் ஜிம். இரத்த உறவில் அவன் ஐக்கின் ஒன்றுவிட்ட சகோதரன். ஆனால் அவன் நிற்கிறான், மற்றவர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுகள் போகின்றன. மரம் வெட்டும் கம்பனிகளாலும் பருத்தித் தோட்டங்களாலும் காடு சுருங்குகிறது. முன்பு ஊரிலிருந்து 30 மைலில் இருந்த வேட்டைக் காட்டுக்கு இப்போது 200 மைல் போக வேண்டும். கிழவராகிவிட்ட ஐக் கூடாரத்தில் படுத்திருக்கையில், கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வருகிறாள். அவள் ஜிம்மின் பேத்தி. குழந்தையின் தந்தையோ ஐக்கின் உறவினனான வெள்ளையன். முகாமின் அறத்தை வாழ்நாளெல்லாம் போற்றிய அந்த நல்ல மனிதரும் அவளை வடக்கே போய்விடச் சொல்கிறார். அன்பைப் பற்றி அறிந்ததையெல்லாம் மறந்துவிட்டீரா என்ற பொருள்படக் கேட்டுவிட்டு அவள் போய்விடுகிறாள்.

ஃபோக்னர் அந்த முகாம்களை வெறுத்தவர் அல்லர். இளமையிலேயே நண்பர் ஃபில் ஸ்டோனின் தந்தையுடைய முகாமுக்குச் சென்று பழகியவர். நேசித்த ஒன்றைக் குறித்து உண்மை பேசுவது கடினம். சேர்ந்து உண்டு, சேர்ந்து சிரித்து, கடதாசி ஆடும் தோழமை மெய்யானதுதான். மேசையில் யாருக்கு இடமில்லை என்று கேட்கும்போதுதான் அதன் எல்லை தெரிகிறது. அந்தக் கேள்வியைத் தம் சொந்த மண்ணிடமே கேட்டார் என்பதே அவர் பெருமை.