சுக்குக் காப்பி

சுக்குக் காப்பி என்பது சுக்கு, மிளகு, மல்லி விதை ஆகியவற்றை இடித்துப் பொடியாக்கி, கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சப்படும் பானமாகும். திப்பிலி, ஏலக்காய், துளசி சேர்ப்பதும் உண்டு. கீழப்பாவூர், குற்றாலம் உள்ளிட்ட தென்காசி வட்டாரத்தில் சளி, இருமலுக்கும் சாரல் காலக் குளிருக்கும் இதனை அருந்துகின்றனர்.

வரலாறு

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த மருந்து திரிகடுகம் எனப்படும். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான நல்லாதனாரின் திரிகடுகம் இம்மருந்தின் பெயரையே பெற்றது. தமிழர் வீடுகளில் காப்பி பரவலானது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆகும். எனவே இப்பானத்தின் மருந்துச் சரக்குகள் பழையவை. காப்பி என்னும் பெயரே புதியது. இதில் காப்பிக்கொட்டை சேர்வதில்லை. அவ்வாறே, இன்று மூலிகைத் தேநீர் எனப்படும் ஆவாரம்பூ, செம்பருத்திப் பானங்கள் பலவற்றில் தேயிலை இருப்பதில்லை.