புது டெல்லி பெயரில் ஒரு நொதி: சென்னை தந்த எச்சரிக்கை

நம் பாட்டிமார் நீர்க்கடுப்பு என்று சொல்வது பல வேளைகளில் சிறுநீர்ப் பாதைத் தொற்றுதான். பார்லித் தண்ணி குடிச்சா சரியாயிடும் என்பார்கள். ஆனால், குடலில் வாழும் ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் சிறுநீர்ப் பாதையில் ஏறிவிட்டால் பெரும்பாலும் மருந்து தேவைப்படும்.

1935இல் சல்ஃபா மருந்தும் 1961இல் ஆம்பிசிலினும் வந்தன. ஒவ்வொன்றையும் சில ஆண்டுகளில் பாக்டீரியா சமாளிக்கக் கற்றுக்கொண்டது. அரைகுறை அளவு மருந்து கிருமியைக் கொல்லாது, பழக்கிவிடும் என்று பெனிசிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார். 1980களில் வந்த கார்பாபெனெம் வகை மருந்துகள் கடைசிக் காவலாக நின்றன.

அந்தக் காவலும் உடைந்தது. 2008இல், புது டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு சுவீடன் நோயாளியின் சிறுநீரில் கார்பாபெனெமுக்கு அடங்காத கிளெப்சியெல்லா கிடைத்தது. மருந்தைச் சிதைக்கும் அதன் நொதிக்கு என்டிஎம்-1 (புது டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ்) என்று பெயரிட்டார்கள்.

2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமாரசாமி கார்த்திகேயன். இந்த நொதி கொண்ட பாக்டீரியா சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் காணப்பட்டது. பெரும்பாலானவை டைகிசைக்ளின், கொலிஸ்டின் இரண்டுக்கு மட்டுமே அடங்கின. இதன் மரபணு பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால், ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு அதைக் கைமாற்றிவிடும். அதனால்தான் பரவல் இவ்வளவு வேகம்.

இந்தியாவில் பெயரைப் பற்றித்தான் பெரிய சண்டை நடந்தது. ஊர்ப் பெயர் வைத்தது தவறு என்று 2011இல் லான்செட் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். பெயர் மாறவில்லை, கிருமியும் நிற்கவில்லை. 2012 ஆகஸ்டில் மருத்துவர்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' தயாரித்தனர். 2014 மார்ச் முதல் இந்தியாவில் எச்1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள 24 ஆண்டிபயாட்டிக் மருந்துகளை விற்கும் கடைக்காரர், நோயாளி, மருத்துவர் பெயர்களைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

லூபோக் சீனா மாணவருக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றலாம். ஆனால் என்டிஎம்-1 மலேசியாவிலும் பதிவாகியுள்ளது. இங்கே ஆண்டிபயாட்டிக் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 2017இல் தேசியச் செயல்திட்டமும் வந்தது. இருந்தாலும், போன தடவை மிச்சமான மாத்திரையை எடுத்துப் போடுவதை எந்தச் சட்டமும் வந்து தடுக்காது.

வகுப்பில் கேட்கலாம்: பெயர்ச் சண்டைக்குச் செலவான நேரத்தில் முதலில் செய்திருக்க வேண்டியது என்ன?