ரூம் 50 டாலர்... பில் 76 டாலர்! மாலத்தீவு கெஸ்ட் ஹவுஸில் தங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

மாலத்தீவு என்றாலே கடலுக்கு மேல் கட்டிய வில்லாவும், லட்சக்கணக்கில் செலவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் உள்ள கெஸ்ட் ஹவுஸ்களில் தங்கினால், அதே நீலக் கடலை மிகக் குறைந்த செலவில் பார்த்துவிட்டு வரலாம். சிக்கல் ஒன்றுதான். புக் பண்ணும்போது கண்ணில் படும் வாடகையும், கிளம்பும்போது கைக்கு வரும் பில்லும் ஒன்றாக இருப்பதில்லை.

கெஸ்ட் ஹவுஸ்கள் வந்தது எப்படி?

மாலத்தீவில் முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது 1972-ல். அதன்பிறகு பல ஆண்டுகள், சுற்றுலா என்பது தனி ரிசார்ட் தீவுகளுக்குள்ளேயே இருந்தது. 2009-க்குப் பிறகு விதிகள் தளர்த்தப்பட்டு, மக்கள் வசிக்கும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த வழி பிறந்தது. தலைநகர் மாலேவுக்குத் தெற்கே உள்ள மாஃபுஷி தீவு இதில் முன்னோடி. அலைச்சறுக்குக்கு துலுஸ்தூ, திமிங்கலச் சுறாவைப் பார்க்க திகுரா எனத் தீவுக்குத் தீவு ஒரு சிறப்பு உண்டு.

பில் ஏன் எகிறுது?

இரண்டு பேர், மூன்று இரவுகள், ஒரு இரவுக்கு 50 டாலர் ரூம் என்று வைத்துக்கொள்வோம்.

- ரூம் வாடகை: 150 டாலர்
- சர்வீஸ் சார்ஜ் 10%: 15 டாலர்
- சுற்றுலா ஜிஎஸ்டி 17%: 28.05 டாலர் (சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து 165 டாலருக்கு)
- கிரீன் டாக்ஸ்: 36 டாலர்
- மொத்தம்: 229.05 டாலர்

அதாவது, ஒரு இரவுக்கு 76 டாலருக்கு மேல் ஆகிவிடுகிறது!

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது கிரீன் டாக்ஸ். இது ரூமுக்கு இல்லை, ஆளுக்கு. 50 அறைகள் வரை உள்ள கெஸ்ட் ஹவுஸ்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 டாலர். 2025 ஜனவரிக்கு முன்பு இது 3 டாலராக இருந்தது. சுற்றுலா ஜிஎஸ்டியும் 2025 ஜூலையில்தான் 16-ல் இருந்து 17 சதவீதமானது. எனவே, பழைய வீடியோக்களைப் பார்த்து பட்ஜெட் போட்டால் கணக்கு உதைக்கும்.

வெள்ளிக்கிழமை உஷார்!

மாலேவில் இருந்து மாஃபுஷிக்கு அரசு ஃபெர்ரியில் சுமார் ஒன்றரை மணி நேரம். கட்டணம் சில டாலர்கள்தான். ஸ்பீடு போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் கட்டணம் பல மடங்கு அதிகம். வெள்ளிக்கிழமை அங்கு வார விடுமுறை என்பதால் அரசு ஃபெர்ரி ஓடாது. அன்று போய் இறங்கினால் ஸ்பீடு போட்டுக்குக் காசு கொடுக்கணும், இல்லையென்றால் மாலே பக்கம் ஒரு நாள் தங்கணும். இன்னும் தூரத்தில் உள்ள தீவுகளுக்கு படகுச் செலவே ரூம் வாடகையைத் தாண்டலாம்.

எதெல்லாம் கூடாது?

இவை முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள். நீச்சலுடைக்கு 'பிகினி பீச்' என்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மறையும் உடை நல்லது. மதுவுக்கு இந்தத் தீவுகளில் அனுமதி இல்லை. மது, பன்றி இறைச்சி, வேப், வழிபாட்டுக்கான சாமி சிலைகள் ஆகியவற்றை நாட்டுக்குள் கொண்டு போகவும் தடை உள்ளது. பயணப் பையில் சின்னப் பிள்ளையார் சிலை வைத்திருக்கும் பழக்கம் இருந்தால், அதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ரமலான் மாதத்தில் பகல் நேரத்தில் உணவகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

சாப்பாடு எப்படி?

காலை உணவுக்கு 'மஸ் ஹுனி' கிடைக்கும். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பிசைந்தது. தொட்டுக்க சப்பாத்தி போன்ற ரொஷி. நம்ம ஊர் மாசிக் கருவாட்டுக்குப் பெயர்போன நாடு என்பதால் எதிலும் சூரை இருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

விசா வேண்டுமா?

இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. ஆனால், விமானம் தரையிறங்குவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' தளத்தில் பயண விவரங்களைப் பதிய வேண்டும். இது இலவசம். இதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம்.

புக் பண்ணும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. இந்த விலையில் ஜிஎஸ்டி, சர்வீஸ் சார்ஜ், கிரீன் டாக்ஸ் மூன்றும் சேர்ந்திருக்கிறதா?
2. நாங்கள் இறங்கும் நாளில், அந்த நேரத்துக்குப் படகு இருக்கிறதா? போக வர எவ்வளவு?
3. பிகினி பீச் எவ்வளவு தூரம்?
4. காலை உணவு வாடகையில் அடக்கமா?

பதிலை மெசேஜாகவே வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். பில் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கைகொடுக்கும்.