நிழலின் நிறம்: பரோக் முதல் இம்ப்ரெஷனிசம் வரை அடிப்பூச்சின் வரலாறு

பரோக் ஓவியம் இருளுக்கும் இம்ப்ரெஷனிச ஓவியம் வெளிச்சத்துக்கும் பெயர் பெற்றவை. இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டில் ஐரோப்பியரின் ரசனையும் நம்பிக்கையும் மாறியதே இதற்குக் காரணம் என்று கலை வரலாற்று நூல்கள் விளக்குகின்றன. அந்த விளக்கத்தில் தவறில்லை. ஆனால் பார்வையாளரின் கண்ணில் படாத ஒன்றும் அதே காலத்தில் மாறியது. கித்தானின் மீது எல்லாவற்றுக்கும் முன்னால் பூசப்படும் அடிப்பூச்சுதான் அது. கறுத்த அடிப்பூச்சில் வேலை தொடங்கும் ஓவியருக்கு நிழல் முன்பே கிடைத்துவிடுகிறது, ஒளியை மட்டும் சேர்த்தால் போதும். வெளுத்த அடிப்பூச்சில் தொடங்குபவருக்கு ஒளி இருக்கிறது, நிழலை அவரே உண்டாக்கியாக வேண்டும். நிழலை உண்டாக்க வேண்டிய நிலை வந்தபோதுதான் அதற்கு என்ன நிறம் என்ற கேள்வியும் வலுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரப்பலகையில் வரைந்த காலத்தில் அடிப்பூச்சு பெரும்பாலும் வெண்மையாகவே இருந்தது. கித்தான் பரவிய பிறகு, 16ஆம் நூற்றாண்டு வெனிசில் தின்டொரெட்டோ போன்றோர் கறுத்த அடிப்பூச்சுகளைப் பயன்படுத்தினர். அந்த வழியை ஒரு முழு அழகியலாக மாற்றியவர் கரவாஜியோ (1571–1610). ரோம் நகரின் சான் லூயிஜி தெய் பிரான்சேசி தேவாலயத்துக்காக 1599–1600இல் அவர் வரைந்த ‘மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தில் சுவரும் மூலையும் இருளில் கிடக்க, முகங்களிலும் கைகளிலும் மட்டும் ஒளி விழுகிறது. கரவாஜியோ தம் ஓவியங்களில் பல இடங்களில் பழுப்பு அடிப்பூச்சை மூடாமல் அப்படியே விட்டு, அதையே நடுநிழலாகக் கொண்டார். இதில் நாடகத்தன்மை எவ்வளவு உண்டோ அவ்வளவு சிக்கனமும் உண்டு. காவி மண்ணும் அம்பர் மண்ணும் மலிவானவை. அம்பரில் உள்ள மாங்கனீசு எண்ணெயை விரைவாக உலரச் செய்யும். பெரிய பலிபீட ஓவியங்களைக் குறித்த நாளுக்குள் முடித்துத் தர வேண்டிய பட்டறைக்கு இவை சிறிய வசதிகள் அல்ல.

ஒவ்வொரு ஊரும் தன் மண்ணையே பயன்படுத்தியது. செவில் நகரில் பிரான்சிஸ்கோ பசேகோ உள்ளூர்க் களிமண்ணை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசும்படி தம் ஓவிய நூலில் பரிந்துரைத்தார். அவருடைய மாணவரும் மருமகனுமான வெலாஸ்கெஸ் தொடக்கத்தில் அந்த வழியிலேயே சென்றார். மாட்ரிட் அரசவைக்குப் போய், 1629–31 இத்தாலியப் பயணத்தையும் முடித்த பிறகு, அவருடைய அடிப்பூச்சுகளில் ஈயவெள்ளை கூடியது. 1656இன் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் சாம்பல் காற்றோட்டத்தை இந்த மாற்றத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் 1642இல் முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தின் அடியில் இருப்பதும் களிமண்தான். படிக மணல் கலந்த இந்தப் பூச்சை ரெம்பிராண்டும் அவர் பட்டறையினரும் அதன் பிறகும் பயன்படுத்தினர். ஏறக்குறைய நான்கரை மீட்டர் அகலக் கித்தானுக்கு இப்படி ஒரு மலிவான பூச்சு தேவைப்பட்டிருக்கும். அதற்கும் கீழே ஈயம் செறிந்த எண்ணெய்ப் படலம் ஒன்று இருப்பதை ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தின் அண்மை ஆய்வு காட்டியது. வெளிச்சுவரில் தொங்கவிருந்த படத்தை ஈரத்திலிருந்து காக்க அது பூசப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. இதே காலத்து ரூபன்ஸ் பலகை ஓவியங்களில் வெண்பூச்சின் மேல் மெல்லிய பழுப்புக் கீற்றுகளை இழுத்து அவற்றின் மேல் வரைந்தார். ஆகவே பரோக் என்றாலே இருண்ட தளம் என்று விதி வகுக்க முடியாது.

கறுத்த அடிப்பூச்சுக்குப் பின்விளைவு ஒன்று இருந்தது. எண்ணெய் வண்ணம் வயதாக ஆக ஒளி ஊடுருவும் தன்மை கூடி, கீழேயுள்ள நிறத்தைக் காட்டத் தொடங்கும். பிரெஞ்சு ஓவியர் பூசாவின் சில நிலக்காட்சிகள் இப்படித்தான் கீழ்ப்பூச்சுக்குள் அமிழ்ந்தன. மேலே பூசிய வார்னிஷும் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். ‘இரவுக் காவல்’ என்ற பெயரே இப்படிக் கறுத்த பிறகு, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒட்டிக்கொண்டதுதான். ஓவியத்தில் நடப்பது பகல். இந்த முதுமையைத்தான் அடுத்த தலைமுறை பழைய மேதைகளின் பாணி என்று எண்ணிப் படி எடுத்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஓவியச் சேகரிப்பாளர் சர் ஜார்ஜ் போமன்ட், நிலக்காட்சிக்குப் பழைய வயலினின் பழுப்பே ஆதார நிறமாக வேண்டும் என்றாராம். நிலக்காட்சி ஓவியர் கான்ஸ்டபிள் பதில் பேசாமல் ஒரு வயலினை எடுத்து வீட்டு முன்புறப் புல்வெளியில் வைத்தார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய லெஸ்லி சொல்லும் செய்தி.

இந்த மோகம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ‘வெனிசிய ரகசியம்’ விவகாரமே சான்று. பென்சில்வேனியாவில் பிறந்து லண்டனில் ராயல் அகாதெமியின் தலைவரான பெஞ்சமின் வெஸ்ட்டிடம், 1790களின் நடுவில் தாமஸ் புரோவிஸ் என்பவரும் அவர் மகள் ஆனும் வந்தனர். வெனிசின் பழைய மேதை டிஷியன் கையாண்ட முறையை விளக்கும் பழைய கையெழுத்துப் படி தங்கள் குடும்பத்தில் இருக்கிறது என்றனர். எண்ணெயை உறிஞ்சும் இருண்ட அடிப்பூச்சும் ‘டிஷியன் நிழல்’ என்ற ஒரு கலவையும் அந்த முறையில் முக்கியமாக இருந்தன. அகாதெமி உறுப்பினர் பலர் பணம் கட்டிக் கற்றுக்கொண்டனர். வெஸ்ட் அந்த முறையில் ‘ஆர்க்கிமிடிசின் கல்லறையைக் காணும் சிசரோ’ ஓவியத்தை 1797இல் வரைந்தார். முழுவதும் புரட்டு என்று வெளியானதும் கேலிச்சித்திரக்காரர் கில்ரே அகாதெமியை நார் நாராகக் கிழித்தார். வெஸ்ட் 1804இல் அதே காட்சியை மறுபடி வரைந்தார். ஏமாந்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். நாட்டின் முதல்தர ஓவியர்கள். பழைய ஓவியங்களின் மேன்மை ஒரு பூச்சுக்கலவையில் ஒளிந்திருக்கிறது என்று நம்பத் தயாராக இருந்ததால்தான் ஏமாந்தனர்.

எதிர்த்திசை இழுப்பும் லண்டனில்தான் தொடங்கியது. ஓவியர் டர்னர் வெள்ளை அடிப்பூச்சுக்கு மாறினார். அவரையும் சக ஓவியர் கால்காட்டையும் ‘வெள்ளை ஓவியர்கள்’ என்று பழித்தவர் அதே போமன்ட். கான்ஸ்டபிளின் ‘வைக்கோல் வண்டி’ 1824 பாரிஸ் சலோன் கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றது. அதன் உடைபட்ட, ஈரமான பச்சைகளைக் கண்டு பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா தம் ‘கியோஸ் படுகொலை’ ஓவியத்தைத் திருத்தினார் என்பார்கள். வேதியியலும் கைகொடுத்தது. பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் 1802இல் கோபால்ட் நீலத்தை உருவாக்கினார். ஆப்கானிஸ்தானின் லாபிஸ் கல்லை அரைத்து எடுத்த அல்ட்ராமரீனுக்குச் செயற்கை மாற்று காண 1824இல் பிரெஞ்சுக் கழகம் ஒன்று 6,000 பிராங்க் பரிசு அறிவித்தது. 1828இல் கிமே அதைப் பெற்றார். வெர்மீர் காலத்தில் பொன்னுக்கு நிகராக மதிக்கப்பட்ட நீலத்தை இனி நிழலில்கூடத் தாராளமாகச் செலவிடலாம். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க உருவப்பட ஓவியர் மடக்கி நசுக்கக்கூடிய தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். பன்றியின் சிறுநீர்ப்பையில் வண்ணத்தைக் கட்டிவைத்து ஊசியால் குத்திப் பிதுக்கும் வழக்கம் அதோடு மறையத் தொடங்கியது.

என்றாலும் இருண்ட அடிப்பூச்சு உடனே ஒழிந்துவிடவில்லை. 1850களின் புரட்சிக்காரரான கூர்பே கறுத்த தளத்தில் தொடங்கி, கத்தியால் வண்ணத்தை அப்பி வெளிச்சத்தை நோக்கி ஏறினார். அவருக்கும் இளம் ஓவியர் மோனேக்கும் இடையே நடந்த உரையாடல் ஒன்று இந்த வரலாற்றின் திருப்பத்தைக் காட்டிவிடுகிறது. மோனே 1866இல் ‘தோட்டத்தில் பெண்கள்’ ஓவியத்தை முழுக்க வெளியிலேயே வரைய முயன்றார். இரண்டரை மீட்டர் உயரக் கித்தானின் மேல்பகுதியை எட்டுவதற்காகப் பள்ளம் தோண்டி அதற்குள் கித்தானை இறக்கினார். பார்க்க வந்த கூர்பே, ஏன் சும்மா இருக்கிறாய் என்று கேட்டார். வெயிலுக்குக் காத்திருக்கிறேன் என்றார் மோனே. பின்னணியையாவது இப்போது வரையலாமே என்பது கூர்பேயின் யோசனை. கூர்பேக்குப் பின்னணி எந்த நேரத்திலும் ஒன்றுதான். மோனேக்கு வெயில் மறைந்தால் இலையின் நிழலும் வேறாகிவிடும். 1867 சலோன் அந்த ஓவியத்தை நிராகரித்தது.

1874 ஏப்ரல் 15 அன்று பாரிஸில் நாடாரின் பழைய ஒளிப்பட நிலையத்தில் திறந்த மோனே குழுவினரின் கண்காட்சியும், விமர்சகர் லூயி லெருவா கிண்டலாக ஒட்டிய ‘இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்ற பெயரும் பலரும் அறிந்தவை. லண்டன் நேஷனல் கேலரி 1990இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஆய்வு அவ்வளவு அறியப்படவில்லை. இம்ப்ரெஷனிஸ்டுகள் பெரும்பாலும் கடையிலேயே பூசி விற்ற கித்தான்களை வாங்கினர். அவற்றின் நிறம் எப்போதும் தூய வெள்ளை அல்ல. கிரீம், வெளிர்சாம்பல், மங்கிய பழுப்பு என்று பல. மோனே 1870இல் வரைந்த ‘த்ருவில் கடற்கரை’ ஓவியத்தில் உண்மையான மணல் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. அவர் 1877இல் வரைந்த ‘சாந்த்-லசார் ரயில் நிலையம்’ இன்னும் முக்கியம். என்ஜினும் கூரையும் கறுப்பாகவே தோன்றுகின்றன. ஆனால் அந்தக் கருமையில் கறுப்பு நிறமி மிகக் குறைவு. கோபால்ட் நீலம், செயற்கை அல்ட்ராமரீன், விரிடியன் பச்சை, சிவப்பு ஆகியவற்றின் கலவைதான் கறுப்பாகத் தெரிகிறது. கரவாஜியோ தொடாமல் விட்ட இருள் இங்கே நான்கைந்து வண்ணங்களின் உழைப்பாக மாறியிருக்கிறது. இந்த நீல ஊதா நிழல்களைக் கண்ட எழுத்தாளர் உய்ஸ்மான்ஸ், இவர்களுக்குக் கண்நோய் என்றே எழுதினார்.

அமெரிக்கர்களின் பங்கை இந்த வரலாற்றில் பின்னிணைப்பாகவே சேர்ப்பது வழக்கம்; அது சரியல்ல. மேரி கசாட் 1872–73இல் பார்மாவிலும் செவிலிலும் பழைய ஓவியங்களைப் பயின்ற பிறகே, 1879இல் இம்ப்ரெஷனிஸ்டுகளோடு தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். சார்ஜென்ட் 1879இல் மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸை நகலெடுத்தார். 1882இன் ‘எட்வர்ட் டார்லி பாயிட்டின் மகள்கள்’ ஓவியத்தில் ‘லாஸ் மெனினாஸ்’ அறையின் இருள் அப்படியே நிற்கிறது. பழைய இருளைப் பற்றி நின்றதில் மிகக் கறாரானவர் ஈக்கின்ஸ். மாட்ரிட்டில் வெலாஸ்கெஸையும் ரிபேராவையும் வியந்து திரும்பிய அவர், நாடார் நிலையக் கண்காட்சிக்கு அடுத்த ஆண்டே, அறுவை மருத்துவரின் நெற்றியிலும் குருதிக் கையிலும் மட்டும் ஒளி விழும் ‘கிராஸ் மருத்துவ வகுப்பு’ ஓவியத்தை பிலடெல்பியாவில் முடித்தார். 1876 நூற்றாண்டுக் கண்காட்சியின் கலைப்பிரிவு அதை ஏற்கவில்லை. ராணுவ மருத்துவமனை மாதிரிக்கூடத்தில் அது தொங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சுத்தம் செய்தவர்கள், ஈக்கின்ஸ் வேண்டுமென்றே மேலே பூசியிருந்த இருண்ட மெல்லிய படலங்களையும் அழுக்கென்று எண்ணித் துடைத்தனர். ஓரங்கள் செந்நிறமாகப் பளிச்சிட்டன. மருத்துவரைச் சுற்றியிருந்த இருள் கலைந்தது. 2010இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் பழைய ஒளிப்படத்தை வைத்து ஒப்பிட்டு அந்த இருளைத் திரும்பப் பூசியது.