பழைய வில்லையும் பழுது பார்த்த கையும்

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்குத் தெற்கே உள்ள பொட்டிபுரம் என்ற சிற்றூரின் பெயரை அறிவியல் மாணவர் பலர் அறிவர். அங்கு நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015ஆம் ஆண்டு சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால் எதிர்ப்புகளாலும் வழக்குகளாலும் அத்திட்டம் நிறைவேறவில்லை. இதற்கெல்லாம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரம் அறிவியலுக்கு அண்டை வீடாகிவிட்டது. பொட்டிபுரத்திலிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுக்குள், பழனி மலைத்தொடரில் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல் வானாய்வகம்.

இவ்வாய்வகம் உலகப் புகழ் பெற்றது புத்தம் புதுக் கருவிகளால் மட்டுமன்று. பிறர் பயன்படுத்திய கருவிகளையும் பெற்று, தேர்ந்த கைகளில் கொடுத்துச் செப்பனிட்டு, பல்லாண்டுகள் பேணிக் காத்தே அது பெயர் பெற்றது. பழைய காமிரா வில்லை ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கலாமா என்று எண்ணும் மாணவனுக்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு.

சென்னையிலிருந்து மலைக்கு

கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வகம் அமைத்தது. 1850ஆம் ஆண்டு வாக்கில் பாரிசு நகரத்து லெரபூர், செக்ரெட்டான் என்போரின் பட்டறையில் செய்த 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்று அங்கு வந்து சேர்ந்தது. பின்னர் 1866இல் 8 அங்குலத் தொலைநோக்கி ஒன்றும் நிறுவப்பட்டது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்திற்குப் பின், சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி வலுத்தது. சூரியனை நாள்தோறும் ஆராய மேகமும் தூசியும் குறைந்த மலை உச்சி தேவைப்பட்டது. மிச்சி ஸ்மித் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895இல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1901இல் ஆய்வுகள் தொடங்கின.

புதிய ஆய்வகம் பழையதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அரை நூற்றாண்டு உழைத்துவிட்ட பாரிசுத் தொலைநோக்கி, 1898இல் டப்ளின் நகரத்துக் கிரப் நிறுவனத்தால் திருத்தி அமைக்கப்பட்டது. சூரியனைப் படமெடுக்கும் கருவியாக அது கொடைக்கானலில் மறுபிறவி எடுத்தது. 1866ஆம் ஆண்டின் 8 அங்குலக் கருவியும் 1931இல் மலையேறியது.

புனாவிலிருந்தும் ஒரு கொடை வந்தது. பாவ்நகர் மகாராசா தக்த்சிங்ஜியின் பெயரால் அங்கு ஓர் ஆய்வகம் இருந்தது. கவாஸ்ஜி நாயகம்வாலா அதனை நடத்தி வந்தார். 1912இல் அது மூடப்பட்டபோது அதன் 20 அங்குல ஆடித் தொலைநோக்கி கொடைக்கானலுக்கு அனுப்பப்பட்டது. இப்படிப் பிறர் கைமாறி வந்த கருவிகளோடு, புதிதாக வாங்கியவையும் சேர்ந்து ஓர் ஆய்வகம் உருவாயிற்று.

ஒரே சிற்பி, இரு வில்லைகள்

புதிதாக வந்தவற்றுள் ஒன்று, இங்கிலாந்தின் யார்க் நகரத்துக் குக் நிறுவனம் செய்த 30 செ.மீ. விட்டமுள்ள மும்மை வில்லை. அதன் குவியத் தூரம் 6.3 மீட்டர். கால்சியம் ஆவியின் ஒளியில் மட்டும் சூரியனைப் படமெடுக்கும் கருவிக்கு இது கண்ணாக அமைந்தது.

ஒற்றை வில்லை ஒன்று வெண்ணொளியைப் பிரித்து, உருவத்தின் விளிம்பில் நிறக் கீற்றுகளை உண்டாக்கும். இரு வகைக் கண்ணாடிகளை இணைத்து இக்குறையைப் பெரிதும் போக்கும் முறை 18ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. எனினும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் உருவமும் படத்தகட்டில் தெளிவாகப் பதியும் உருவமும் ஒரே இடத்தில் குவிவதில்லை. குக் நிறுவனத்தில் பணியாற்றிய டென்னிஸ் டெய்லர் மூன்று கண்ணாடிகளைக் கொண்டு 1892இல் இவ்விரண்டையும் ஒன்றுசேர்த்தார். மறு ஆண்டே காமிராவுக்கென்று வேறொரு மும்மை வில்லையையும் அவர் வகுத்தார். ‘குக் மும்மை’ எனப்படும் அவ்வமைப்பைப் பின்பற்றிச் செய்த வில்லைகள் இருபதாம் நூற்றாண்டின் எளிய காமிராக்களில் ஏராளம்.

டெய்லர் கண்ட இன்னோர் உண்மை வியப்பூட்டுவது. பல்லாண்டு காலம் காற்றுபட்டு மேற்பரப்பு மங்கிப்போன பழைய வில்லைகள், புதியவற்றைவிடக் கூடுதலாக ஒளியை உள்ளே விடுவதை அவர் கவனித்தார். காரணம் என்ன? கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு திரும்பிவிடும். ஒட்டாத மூன்று கண்ணாடிகளில் இத்தகைய பரப்புகள் ஆறு. எனவே ஒளியில் ஏறத்தாழக் கால் பங்கு வீணாகும். பழமையால் உண்டான மெல்லிய படலம் இந்த எதிரொளிப்பைக் குறைத்தது. இன்றைய வில்லைகளில் நீலமாகவும் ஊதாவாகவும் மின்னும் பூச்சும் இதே தத்துவத்தில் அமைந்ததே.

ஆகவே வில்லை பழையது என்பதாலேயே அது கெட்டுவிட்டது என்று பொருளாகாது. எந்த மங்கல் தீங்கற்றது, எந்த மங்கல் தீயது என்று அறிவதே தேர்ச்சி.

எது பழுது, எது பழுதன்று?

பழைய வில்லையை வாங்குவோர் முன்கண்ணாடியில் ஒரு கீறலைக் கண்டதும் அஞ்சிப் பின்வாங்குவர். ஆனால் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளி வில்லையின் முழுப் பரப்பின் வழியாகவும் வருகிறது. எனவே முன்கண்ணாடியிலுள்ள ஒரு கீறலோ தூசியோ படத்தில் கறையாக விழுவதில்லை. சிறிதளவு ஒளியைத் தடுக்கும், அவ்வளவே. பின்கண்ணாடியில் உள்ள குறை இதைவிடக் கேடு தரும். படத்தகட்டுக்கு அருகில் வரவரத் தூசியும் தன் வடிவைக் காட்டத் தொடங்கும்.

கொடைக்கானலில் எடுக்கும் சூரியப் படத்தின் விட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. சூரியனின் விட்டமோ ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீட்டர். எனவே படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது 7,000 கிலோமீட்டர். அங்கே தகட்டில் ஒட்டிய ஒரு தூசித் துணுக்கு, பூமியில் பாதியளவுள்ள ஒரு சூரியப் புள்ளியாக வேடமிட முடியும்!

உண்மையான பகைவர் வேறு. முதலாவது பூசணம். காற்றில் ஈரம் மிகுந்து, வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் பூசண வித்துகள் தூசியையும் எண்ணெய்ப் பசையையும் உண்டு சிலந்தி வலை போலப் படரும். அவை கசியவிடும் அமிலம் நாளடைவில் கண்ணாடியையே அரித்துவிடும். போடிக்கு மேலே ஏலத் தோட்டங்கள் நிறைந்த ஈரமான மலைச்சரிவுகளில், தோல் பையில் பூட்டி வைத்த காமிராவுக்கு இந்நோய் எளிதில் வரும். இரண்டாவது, கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் கானடா பால்சம் என்ற பிசின் மஞ்சளாகிப் பிரிவது. மூன்றாவது, மசகு ஆவியாகி உட்பரப்பில் பனிபோலப் படிவது. இம்மூன்றும் ஒளியைச் சிதறடித்து, படத்தின் கருமையையும் வெண்மையையும் சாம்பலாக்கிவிடும்.

வாங்குமுன் வில்லையை முழுதும் திறந்து, பின்புறமிருந்து கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகச் செலுத்திப் பாருங்கள். வலை, வெண்பனி, வானவில் வளையம் ஆகியவை தெரிகின்றனவா என்று நோக்குங்கள். துவாரத்தைச் சுருக்கும் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, குவிய வளையம் தடையின்றிச் சுழல்கிறதா என்றும் பாருங்கள்.

செப்பனிடுவோர் செய்வது என்ன?

தேர்ந்த பணியாளர் கண்ணாடிகளைக் கழற்றுமுன் அவற்றின் விளிம்பில் அடையாளம் இடுவர். எந்தப் பக்கம் முன், எந்தப் புள்ளிக்கு நேர் எந்தப் புள்ளி என்பதைக் குறிப்பர். சாராயமும் ஈதரும் கலந்த நீர்மத்தால் மெல்லத் துடைத்து, பழைய மசகை நீக்கிப் புதியது இடுவர். இறுதியில் எல்லாக் கண்ணாடிகளின் மையமும் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு கருவி கொண்டு சரிபார்ப்பர். இக்கடைசி வேலை தவறினால், பளபளவென்று துடைத்த வில்லையும் படத்தின் ஒரு பக்கத்தை மங்கலாக்கும். வீட்டுத் திருப்புளியால் இதனைச் செய்ய முற்படுவது அறிவுடைமையன்று. அதனால் பழைய வில்லைக்கு விலை பேசும்போது செப்பனிடும் கூலியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தொடர்ச்சியின் மதிப்பு

கொடைக்கானலில் 1904 முதல் வெண்ணொளியில் சூரியனின் படங்கள் நாள்தோறும், வானம் தெளிந்த போதெல்லாம், எடுக்கப்பட்டு வருகின்றன. தொடக்க ஆண்டுகளில் கருவியும் முகப்பு வில்லையும் மாறின. 1918 முதல் 15 செ.மீ. வில்லை கொண்ட ஒரே தொலைநோக்கி பணியாற்றி வருகிறது. சூரியப் புள்ளிகள் சராசரி 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவன. பத்துச் சுழற்சிகளுக்கு மேல் தொடரும் இப்படங்கள் இன்று எண்ணிலக்க வடிவம் பெற்று, உலக ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன.

இங்கேதான் பழைய கருவியின் பெருமை விளங்குகிறது. புதிய வில்லை கூர்மையாக இருக்கலாம். ஆனால் வில்லை மாறினால் படத்தின் அளவும் தெளிவும் மாறும். அப்போது 1920இன் புள்ளி பெரியதா, 2020இன் புள்ளி பெரியதா என்று ஒப்பிடுவோர், சூரியனில் நேர்ந்த மாற்றத்தையும் வில்லையால் வந்த மாற்றத்தையும் பிரித்தறியத் திணறுவர். ஒரே அளவுகோல் கொண்டு நூறாண்டு அளக்க வேண்டுமானால், அந்த அளவுகோலைப் பேணுவோர் நூறாண்டும் இருக்க வேண்டும்.

பேணும் கைகளே பின்னர் படைக்கும் கைகளாகவும் ஆயின. 1898இல் திருத்தும் வேலைக்கு நாம் டப்ளினை நம்பி இருந்தோம். 1960இல் கொடைக்கானலின் பொறுப்பேற்ற வைணு பாப்பு அங்கிருந்த பட்டறையை வளர்த்தார். அங்கே உருவான 38 செ.மீ. தொலைநோக்கி 1968இல் காவலூரில் இயங்கத் தொடங்கியது. 1986இல் அதே காவலூரில், நம் நாட்டிலேயே கடைந்து மெருகிட்ட 2.34 மீட்டர் ஆடியுடன் பெருந்தொலைநோக்கி திறக்கப்பட்டது. 1982இலேயே மறைந்துவிட்ட பாப்புவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

பழைய வில்லையை வாங்கும் மாணவன் அதன் வயதைக் கேட்பதைவிட, அது யாரிடம், எப்படி இருந்தது என்று கேட்பதே முறை. வாங்கிய பின் உலர்ந்த இடத்தில், ஈரம் உறிஞ்சும் சிலிகா மணிகளுடன் மூடிய பெட்டியில் வைத்து, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்தி வந்தால், அது அடுத்த தலைமுறைக்கும் உதவும்.